டாக்டரின் மூக்கு

அவரிடம் போகிற நோயாளி முதலில் நாக்கை நீட்ட வேண்டியதில்லை. விரலை நீட்ட வேண்டும். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். "பீடி" என்பார். சில நாள், "பீடிதான். வரும்போது கையைக் கழுவிட்டு வந்திருக்கே, சோப்புப் போடாம" என்பார். கழுவியவன் திகைத்து நிற்பான். ஸ்டெதாஸ்கோப் அதற்கப்புறம்தான் அவர் கழுத்திலிருந்து இறங்கும், அதுவும் ஒரு மரியாதைக்காக.

பொன்மலைக்குப் போகிற சாலையில் ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை இருந்தது. அதை ரயில்வே ஒர்க்‌ஷாப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது தனியார் சமாசாரம். பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. எனக்கு நினைவிருந்தாலும் எழுதப் போவதில்லை. அதன் டிஸ்பென்சரியில் அவர் டாக்டர், நான் குமாஸ்தா. பி.ஏ. முடித்துவிட்டு, எந்த மனு எந்த மேஜைக்கு எத்தனை பிரதிகளில் போக வேண்டும் என்று கற்றுக்கொள்வதில் என் இளமையைச் செலவிட்டேன். அந்தப் படிப்பு வீண்போகவில்லை. ஓய்வு பெற்றபோது ஒரு குத்துவிளக்கு கொடுத்தார்கள்.

நானும் சிகரெட் பிடிப்பவன்தான். ஏலக்காய் மென்றுகொண்டு அவர் எதிரில் போய் நிற்பேன். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே, "பாயசம் அடிப்பிடிச்சிருக்கு தம்பி" என்பார்.

இந்தப் பகை அவர் வீட்டிலிருந்தே வந்தது. அவருடைய அப்பாவுக்கு உறையூரில் சுருட்டு வியாபாரம். சுருட்டு விற்ற காசில்தான் மகனை மெட்ராசுக்கு அனுப்பி டாக்டராக்கினார். பாலக்கரையில் ஞாயிறு பூசை முடிந்து வரும்போது சுருட்டுப் பிடிக்கும் கிழவர்களைக் கண்டால் இவர் முகம் சுருங்கிவிடும். "எங்கப்பா கொடுத்தது இவங்க வாயில இருக்கு. நான் இந்த ஜென்மம் முழுக்க அதைப் பிடுங்கினாலும் பாவப் பரிகாரம் ஆகாது" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஆனால் அது வேடிக்கைப் பேச்சில்லை என்று பழகியவர்களுக்குத் தெரியும்.

நல்லவர். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் தவறாகப் போய்விடும். மருந்து தீர்ந்துபோனால் தன் செலவில் வாங்கிவந்து வைப்பார். மன்னார்புரம் பக்கம் குடியிருந்த ஒரு கொல்லனுக்கு ஜுரம் என்றால் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அச்சுப் பிடிக்கிற ஒரு முரட்டு ஆளைப் பல மாதம் கெஞ்சியும் திட்டியும் பீடியை விட வைத்தார். அவன் மூச்சு உண்மையாகவே தேறியது. ஒரு சேவலைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து அவர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அது நாலு ரிப்போர்ட்டின் மேல் எச்சமிட்டது. அந்த ரிப்போர்ட்டுகளை நான் மறுபடி டைப் அடித்தேன். டாக்டர் அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார்.

வீடுகளுக்குக் கார்டு போடுவது அவருடைய இன்னொரு பழக்கம். எவன் விரலில் பீடி வாசனை வந்தாலும் அவன் மனைவிக்கு ஒரு தபால் கார்டு: 'தங்கள் கணவர் பீடிப் பழக்கத்தால் இருமலுக்கு ஆளாகியுள்ளார். அன்புடன் எடுத்துச் சொல்லி நிறுத்த உதவவும்.' கார்டு என்பது திறந்த கடிதம். தபால்காரர் படிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் படிப்பார், படிக்கத் தெரியாத மனைவிக்காகத் தெருவே கூடிப் படிக்கும். "கவரில் வைத்து அனுப்பலாமே சார்" என்று ஒருமுறை சொன்னேன். "நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் தம்பி வெட்கப்பட்டு விடுவான்" என்றார்.

இருமல் எல்லா ஷெட்டிலும் இருந்தது. மணல் ஷெட்டில் மட்டும் அது ஒரு மாதிரி இருந்தது. வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் கருகிய மண்ணைப் போக்க, காற்றுக் குழாயால் மணலை வேகமாக அடிப்பார்கள். உள்ளே நிற்பவர்கள் மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மாவில் புரட்டி எடுத்த மாதிரி இருப்பார்கள். டாக்டர் அந்த ஷெட்டைப் பார்த்திருந்தார், ஆயுத பூஜையன்று. அன்று மெஷின்களை நிறுத்தி, தரையைக் கழுவி, குழாய்க்குச் சந்தனப் பொட்டு வைத்து, வாசலில் மாவிலை கட்டியிருப்பார்கள். வருஷா வருஷம் போய்ப் பொரி வாங்கிக்கொண்டு வருவார். "சுத்தமாத்தானே வெச்சிருக்காங்க" என்பார். தூசியைப் பற்றிக் கேட்டால், "மண்ணச்சநல்லூர் மில்லுல தவிட்டுத் தூசியில நிக்கிறவன்லாம் செத்தா போறான்? தூசி தும்மினா வெளியே போயிடும். புகைதான் உள்ளே போய் உக்காரும்" என்பார்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். இருமுகிறவன் பீடி குடிப்பவன் என்றால் காரணம் தெரிந்துவிட்டது. இருமல் மிக்ஸ்சரும் திட்டும் வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பலாம். பீடி குடிக்காதவன் இருமினால் காரணம் தெரியவில்லை. மனசாட்சியுள்ள டாக்டர் அவனைப் பெரியாஸ்பத்திரிக்கு எக்ஸ்ரேக்கு எழுதுவார். படத்தில் நிழல் விழுந்திருந்தால் காச நோய் என்று வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் தொற்றக்கூடாதென்று, கம்பெனி அவனைத் தகுதியற்றவன் என்று கணக்குத் தீர்த்து அனுப்பிவிடும். அனுப்பப்பட்டவர்கள் ஊரில் ஓய்வெடுத்துத் தேறுகிறார்கள் என்று டாக்டர் நம்பினார். போய்ப் பார்க்கவில்லை. ஜுரம் கண்டவன் வீட்டுக்குச் சைக்கிளில் போனவர், ஏனோ இவர்கள் வீட்டுக்குப் போகவில்லை.

தொழிலாளிகளுக்குச் சட்டம் படிக்கத் தெரியாது. விதி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கத் தெரியும். டாக்டர் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பார்க்கும் பரிசோதனை நாளன்று மணல் ஷெட்டின் பின்பக்கம் ஒரு பீடி பற்ற வைக்கப்படும். குடிக்கிறவன் குடிப்பான். குடிக்காதவன் புகையில் விரலைக் காட்டி, சாம்பலைத் தேய்த்துக்கொண்டு வரிசையில் வந்து நிற்பான். டாக்டர் மோந்து பார்த்து "பீடி" என்பார். அவன் தலையைக் குனிந்துகொண்டு திட்டை வாங்கிக்கொள்வான். வீட்டுக்குக் கார்டு போகும். வேலை போகாது.

இது கம்பவுண்டருக்குத் தெரியும். கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அந்தப் பிரசித்தமான மூக்குக்கு மட்டும் தெரியாது. சொன்னால் ஆள் போய்விடுவான்; சொல்லாவிட்டாலும் போய்விடுவான், கொஞ்சம் மெதுவாக. மெதுவாகப் போவதே மேல் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவை ஆமோதிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அதில் என் நுரையீரல் சம்பந்தப்படவில்லை.

"பாத்தியா தம்பி" என்றார் ஒருநாள், தன் குறிப்புகளைத் தட்டிக்கொண்டே. "மணல் ஷெட்டுல பீடி குடிக்காதவன் ஒருத்தன்கூட இல்லை. இருமாதவனும் ஒருத்தன்கூட இல்லை. இதைவிட என்ன வேணும்?"

"ஆமாம் சார்" என்றேன்.

அந்த ஷெட்டில் செக்கராக ஒருவர் இருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். சுத்தமான ஒவ்வொரு வார்ப்பையும் தட்டிப் பார்த்து விரிசல் இருக்கிறதா என்று சொல்வது அவர் வேலை. நாள் முழுக்க அந்தத் தூசியிலேதான். நெற்றியில் திருமண்ணோடு வந்து, பத்து மணிக்குள் முகம் முழுவதும் ஒரே வெள்ளையாகிவிடுவார். எல்லோருக்கும் அவர் 'சாமி'. அவரும் இருமினார்.

ஒருநாள் அவர் மனைவி டிஸ்பென்சரிக்கு வந்தார். ஒன்பது கஜப் புடவை, கையில் அந்தக் கார்டு.

"நீங்கதான் எங்காத்துக்கு இதைப் போட்டேளாம்."

"ஆமாம்மா, உக்காருங்க. குறைச்சிருக்காரா?"

அந்த அம்மாள் உட்காரவில்லை. "விட்டுட்டார்னு ஒரு சீட்டு எழுதித் தரணும் டாக்டர். நீங்க எழுதினாத்தான் நம்புவா."

"யாரு நம்பணும்?"

"அவரோட அண்ணா. எங்காத்துப் பெருமாளுக்கு இவர்தான் திருவாராதனம் பண்ணிண்டிருந்தார். அண்ணாவுக்குக் கை நடுங்கும், அதனால இவர்கிட்ட விட்டிருந்தார். கார்டு வந்த அன்னிக்கே, 'பீடி பிடிச்ச கையால பெருமாளைத் தொடாதே'ன்னுட்டார். இப்போ கூடத்துல சேந்து சாப்பிடக்கூட விடறதில்லை. வாசப்பக்கம் தனியா இலை. எனக்கு வாயத் திறக்க முடியலை."

"நீங்க அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். பேசாம இருக்கார். பேசாம இருந்தா என்ன அர்த்தம் டாக்டர்?"

டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கார்டு இவ்வளவு வேலை செய்யும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. "இப்பவே கூப்பிட்டு அனுப்பறேன். விரலைப் பாத்துட்டு, சுத்தமா இருந்தா உங்க கையிலேயே எழுதித் தரேன்" என்றார்.

டாக்டர் கூப்பிடுகிறார் என்று ஆள் போய்ச் சொன்னால் மணல் ஷெட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். எழுந்து போய்த் தடுத்திருக்கலாம். தடுக்க நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குச் சரியான வாக்கியம் கிடைக்கவில்லை.

சாமி வந்தார். கதவோரம் நின்ற மனைவியை அவர் பார்க்கவில்லை. வழக்கப்படி நேரே மேஜைக்கு வந்து விரலை நீட்டினார். டாக்டர் மோந்தார்.

"என்ன சாமி இது. இப்பக்கூடக் குடிச்சிட்டு வந்திருக்கீங்க."

அப்போதுதான் சாமி திரும்பினார். அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். சாமி நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.

"சார், நான் இன்னிவரைக்கும் ஒண்ணுகூட வாயில வெச்சதில்லை."

"வாசனை வருதே."

"தேச்சுண்டேன். பக்கத்துல இருக்கிற பையன் பத்த வெச்சுக் குடுத்தான்."

"எதுக்கு?"

"இல்லேன்னா நீங்க படம் எடுக்க அனுப்புவேள்."

"அனுப்பினா என்ன?"

"படம் எடுக்கப் போனவா யாரும் வேலைக்குத் திரும்பி வரலை சார்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "எத்தனை பேர் இப்படி?"

"நிஜமா குடிக்கறவா பாதி இருப்பா. மத்தவா என்னை மாதிரி."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா தம்பி?"

நான் மேஜைமேல் இருந்த மைஒற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

"சாமி, உங்க இருமல் பீடியால இல்லேன்னா வேற எதாலன்னு பாக்கணும். படம் எடுத்துத்தான் ஆகணும்."

"வேண்டாம் சார். ரெண்டு பொண்ணு இருக்கு. விட்டுட்டேன்னு மட்டும் எழுதிக் குடுங்கோ. ஆத்துலயும் சேத்துப்பா, இங்கேயும் வேலை இருக்கும்."

"குடிக்காதவரை விட்டுட்டார்னு எப்படி எழுதறது?"

"பொய்யில்லையே சார். இப்போ குடிக்கலையே."

"நான் உங்க சம்சாரத்துக்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"அவளண்ட சொல்லாதேங்கோ. அவ எங்கண்ணாகிட்ட சொல்லுவா, அண்ணா பெருமையா உத்தர வீதி பூராவும் சொல்லுவார். அங்கேர்ந்து ஃபாக்டரிக்கு எத்தனை தூரம்?"

பொய் எழுதிக் கொடுத்து டாக்டருக்குப் பழக்கமில்லை. மூன்று வரி எழுத வெகு நேரம் ஆயிற்று. வராந்தாவுக்குப் போய், "இன்னியோட விட்டுட்டாரும்மா" என்று அந்த அம்மாளிடம் கொடுத்தார். "நீங்க நன்னா இருக்கணும் டாக்டர்" என்று அந்த அம்மாள் கைகூப்பியபோது அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியைத் தூசியிலிருந்து எப்படி வெளியே எடுப்பது என்ற கேள்விக்கு விடை என்னிடம் இருந்தது. நெஞ்சு நோய்க்கு இடமாற்றம் கேட்டால் படம் வேண்டும். பார்வைக் குறைவுக்குப் படம் வேண்டாம்; டாக்டர் கையெழுத்து போதும். விரிசல் கண்ணுக்குத் தெரியாத செக்கரைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது, ஸ்டோருக்கு மாற்றிவிடும். என் வாழ்நாளில் நான் கற்ற நடைமுறைகளில் ஒரு மனிதனுக்குப் பயன்பட்டது இது ஒன்றுதான். அதுவும் ஒரே ஒரு முறை. மணல் ஷெட்டே மொத்தமாகக் குருடாகிவிட்டது என்று எழுத முடியாது.

அந்த வாரம் டாக்டர் மணல் ஷெட்டுக்குப் போனார், மெஷின் ஓடும்போது. திரும்பி வந்தவரின் புருவம் வெளுத்திருந்தது. கைக்குட்டையில் மூக்கைச் சிந்திப் பார்த்தார். "உள்ளே போனதிலேர்ந்து ஒரு வாசனையும் தெரியலை தம்பி" என்றார். கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "நீ எத்தனை வருஷமா குடிக்கிறே?" என்றார்.

"காலேஜ்லேர்ந்து சார்."

"இருமல்?"

"காலையில கொஞ்சம். மாடி ஏறினா கொஞ்சம்."

"அவங்க உக்காந்த இடத்துலயே மூச்சு வாங்கறாங்க" என்றார். "பீடி கெடுதிதான். அதுல நான் தப்பு சொல்லலை. ஆனா எது பீடி, எது மணல்னு பிரிக்கணும்னா, குடிக்காம மணல்ல நிக்கிறவன் வேணும். குடிச்சுட்டு உன்னை மாதிரி ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவனை நான் எண்ணவே இல்லை. மணல்ல நிக்கிறவனோ விரலைத் தேச்சுக்கிட்டு வந்து நிக்கிறான். குடிக்காதவன் பக்கத்துல ஆளே இல்லாம பண்ணினது நான்தான்."

தூசியைக் குறைக்க வேண்டும், உறிஞ்சும் விசிறி வைக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதினார். டைப் அடித்தது நான். பதில் வெகு மரியாதையாக வந்தது. மணல் ஷெட் தொழிலாளர் அனைவரும் பீடி குடிப்பவர்கள் என்பதும், இருமலுக்கு அதுவே காரணம் என்பதும் டாக்டர் அவர்களின் சொந்தக் குறிப்புகளிலிருந்தே விளங்குவதாகவும், பீடிக்கு எதிரான அவருடைய இடைவிடாத உழைப்பை நிர்வாகம் பாராட்டுவதாகவும் எழுதியிருந்தார்கள். அந்தக் குறிப்புகள் பொய் என்று மறுக்கலாம். மறுத்தால் தொழிலாளிகள் பொய் சொன்னார்கள் என்றாகும். உடல்நிலை பற்றிப் பொய்த் தகவல் கொடுப்பவரை நோட்டீஸ் இல்லாமல் நீக்கலாம் என்று கம்பெனியின் வேலை விதிகளான நிலையாணையில் ஒரு பிரிவு இருந்தது. அதை எடுத்துக் காட்டியவனும் நான்தான். பாராட்டுக் கடிதத்தை டாக்டர் மடித்து இழுப்பறையில் போட்டார். ராஜினாமா செய்யவில்லை. அடுத்து வருகிற டாக்டருக்கு மூக்கு இல்லாவிட்டால் எல்லோரையும் படத்துக்கு அனுப்பிவிடுவானே என்று பயந்தார்.

சாமி சில வருஷங்கள் ஸ்டோரில் இருந்தார். ஸ்டோரில் தூசி இல்லை. உள்ளே போனது போனதுதான். அவர் காலமான செய்தி கேட்டு டாக்டரும் நானும் ஸ்ரீரங்கம் போனோம். அண்ணா வாசலுக்கு வந்து எங்களை வரவேற்றார். "நீங்க அன்னிக்கே எழுதினேள். அவன் விட்டும்கூட அது விடலை. அந்தப் பீடிதான் கொண்டுபோயிடுத்து" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். உள்ளே அந்த அம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. கணவன் இறந்த துக்கத்தோடு அவன் எதனால் இறந்தான் என்ற வெட்கத்தையும் அந்த அம்மாள் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் வாயைத் திறந்தார். ஷெட்டில் அப்போது இன்னும் அத்தனை பேர் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் டாக்டரை நினைத்தால் எனக்கு அந்த வீட்டு வாசல் முதலில் வருவதில்லை. அதற்கு வெகு முன்பு, சாமி உண்மை சொன்னதற்கு அடுத்த பரிசோதனை நாள்தான் வருகிறது.

வழக்கம்போல வரிசை. முதலில் நின்றவன் மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும். விரலை நீட்டினான். டாக்டர் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"அது வேண்டாம்பா. சட்டையைக் கழட்டு."

அவன் கழற்றவில்லை. "மோந்து பாருங்க சார்."

"வேண்டாம்பா. நெஞ்சைப் பாக்கறேன்."

"நான் பீடிதாங்க."

"தெரியும்பா."

"நீங்க மோந்து பாக்கலைன்னா படத்துக்கு எழுதப் போறீங்கன்னு அர்த்தமாம். வெளியே பேசிக்கிறாங்க."

"யாரையும் படத்துக்கு எழுதலை. பயப்படாதே."

"எங்க சித்தப்பாவையும் பயப்படாதேன்னு சொல்லித்தான் படத்துக்கு அனுப்பினீங்க" என்றான் அவன். குரலில் கோபமில்லை.

அவன் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பீடியையும் தீப்பெட்டியையும் எடுத்தான். அந்த அறையில் அதுவரை யாரும் தீக்குச்சி உரசியதில்லை. எந்த முனையை வாயில் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. நூல் கட்டிய பக்கத்தைப் பற்ற வைத்தான். இழுத்தான். உடம்பே இரண்டாக மடிகிற மாதிரி இருமினான். கண்ணில் நீர் வழிய நிமிர்ந்து, இன்னொரு முறை இழுத்தான்.

"பாத்துக்குங்க சார்" என்றான்.

டாக்டர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, அவன் வாயிலிருந்து பீடியை எடுத்து, தன் விரல்களாலேயே நசுக்கி அணைத்தார்.

"போதும்பா. எழுதிடறேன்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "பீடின்னு போட்டுக்க தம்பி" என்றார்.

போட்டுக்கொண்டேன். அதற்குள் வெளியே வரிசையில் தீக்குச்சிகள் உரசும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது.